2,80,000 கி.மீ. ஓடிய இன்ஜின்: பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வைப்பதா?

வெள்ளை_செடான்
வணக்கம். வண்டி 2,80,000 கி.மீ. ஓடிவிட்டது. புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது, பிக்கப்பும் போய்விட்டது. ஒரு மெக்கானிக் பிரித்து ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்யலாம் என்கிறார். இன்னொருவர் அது வீண் வேலை, ஓடிய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டுங்கள் என்கிறார். வார இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எது நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலு_சிலிண்டர்
பெட்ரோலா, டீசலா? புகை நீலமா, வெள்ளையா, கறுப்பா? எப்போது வருகிறது: காலையில் ஸ்டார்ட் செய்யும்போதா, ஏற்றத்தில் மிதிக்கும்போதா? ஆயில் எவ்வளவு குறைகிறது?

இரவுப்பயணி
கூடவே இதையும் சொல்லுங்கள். எப்போதாவது சூடேறி நின்றிருக்கிறதா? ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா?

மூச்சுக்குழல்
இன்ஜினைத் தொடுவதற்கு முன் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு, அதாவது காற்று போகும் வழிக்கு, விடும் வால்வ்) பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி எல்லா சீல் வழியாகவும் ஆயில் கசியும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவியை நேராக இன்டேக்குக்குள் இழுத்து எரிக்கும். இரண்டிலும் ஆயில் குறையும், இரண்டிலும் பழி பிஸ்டன் ரிங்குக்குத்தான் (பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்). ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, ஓட்டையின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. தூக்கி எறிந்தால் வால்வை மாற்றுங்கள். இன்ஜின் கதையெல்லாம் அப்புறம்.

மைக்ரோமீட்டர்
தம்பி, இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் எந்த இன்ஜின் என்றுகூடச் சொல்லாமல்தான் வருகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) எண்கள் இல்லாமல் ‘எது நல்லது’ என்று கேட்பதாக இருந்தால் ஜோசியரிடம் கேட்கலாம், அவராவது பிறந்த தேதியைக் கேட்பார். மூச்சுக்குழல் சாருக்கு டயர் பஞ்சர் என்றாலும் பிசிவி வால்வ்தான் காரணம், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

மாத்திப்போடு
பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரித்த பிறகுதான் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) தேய்ந்திருக்கிறது, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைந்திருக்கிறது, ஆயில் பம்ப் போய்விட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். உங்களால் நடுவில் நிறுத்தவும் முடியாது, வண்டியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. நல்ல இன்ஜின் ஒன்று வந்தால் இறக்கி ஏற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். நான் அப்படித்தான் செய்தேன், இன்றுவரை ஓடுகிறது.

நாலு_சிலிண்டர்
‘நல்ல இன்ஜின் வந்தால்’ என்பதில்தானே அண்ணே எல்லாமே இருக்கிறது. எவ்வளவு ஓடியது, எப்படி ஓட்டினார்கள், ஆயில் மாற்றினார்களா, ஏன் கழற்றினார்கள், எதுவும் தெரியாது. கழற்றி வைத்த இன்ஜினாக இருந்தாலும் கம்ப்ரஷன் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆயில் மூடிக்கு அடியில் கறுப்புக் களிம்பு இருக்கிறதா, தண்ணீர் வழியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். விடுவார்கள் என்றால் சம்பை (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) திறந்து அடியில் உலோகத்தூள் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் குறியீடு ஒன்றாக இருந்தாலும் சென்சார், வயரிங், இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) ஒத்துப்போகாத கதை நிறைய உண்டு. வண்டிப் பத்திரத்தில் இன்ஜின் எண் இருந்தால் அதை மாற்றும் வேலை தனி.

அதோடு, வெளியே இருக்கும்போதே கிராங்க் சீல் இரண்டு, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மாற்றிவிட வேண்டும், கிளட்ச்சையும் பார்த்துவிட வேண்டும். உள்ளே ஏற்றிய பிறகு பின் சீல் கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்கணும்.

வெள்ளை_செடான்
பெட்ரோல்தான், டீசல் என்று எங்கே சொன்னேன்? 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக். நீலப் புகை. காலையில் கொஞ்சம், ஏற்றத்தில் நன்றாக. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாலும் ஒரு மூட்டம் வரும். 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றுகிறேன். சூடேறியது இல்லை, தண்ணீர் குறையவில்லை. காகிதம் உள்ளே இழுக்கிறது. பாடி, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கின்றன.

மூச்சுக்குழல்
இழுத்தால் நல்லது. ஆனாலும் அந்த பிசிவி ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாலு_சிலிண்டர்
இப்போது பேசலாம். காலையில் வருவதும், இறக்கத்துக்குப் பிறகு மிதிக்கும்போது வருவதும் பெரும்பாலும் வால்வ் சீல் (வால்வ் தண்டில் ஆயிலைத் தடுக்கும் அடைப்பு), கைடு (அந்தத் தண்டு நகரும் குழல்). ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் திராட்டில் மூடும், இன்டேக்கில் வெற்றிடம் கூடும், தேய்ந்த கைடு வழியாக ஆயில் உள்ளே இறங்கும். அடுத்து மிதிக்கும்போது அது எரிகிறது. ஏற்றத்தில், சுமையில் தொடர்ந்து வருவது ரிங் பக்கம். உங்களுக்கு இரண்டும் இருக்கிற மாதிரி தெரிகிறது.

கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, பேட்டரி முழு சார்ஜில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு முள் நிற்கும்வரை சுற்றுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த எண்ணை இங்கே எழுதாதீர்கள், காற்று உள்ளே போகாமல் எல்லாமே குறைவாகக் காட்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்பு) சந்தேகப்படணும்.

கரிப்புகை
வால்வ் சீல் மட்டும் என்றால் ஹெட்டைக் கழற்றவே வேண்டாம். பிளக் ஓட்டை வழியாகக் காற்று கொடுத்து வால்வை மேலே நிறுத்திக்கொண்டு, ஸ்பிரிங்கை அமுக்கி சீலை மாற்றிவிடலாம்.

பழையசக்கரம்
காற்றை நம்பாதீர்கள் கரிப்புகை. ஹோஸ் கழன்றால் வால்வ் உள்ளே விழும், அப்புறம் எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். நைலான் கயிறுதான் சரி. பிஸ்டன் மேலே வருவதற்குச் சற்று முன் பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி இறுக்கினால் வால்வ் அசையாது. கயிற்றின் நுனி மட்டும் வெளியே இருக்கட்டும்.

கரிப்புகை
பிஸ்டன் முழுதாக மேலே இருந்தால் வால்வ் எங்கே விழும் சார்? கொஞ்சம் இறங்கி பிஸ்டன் மேல் உட்காரும், அவ்வளவுதான். கயிற்றில் இருக்கும் நூலும் தூசியும் உள்ளே போகுமே, அது பரவாயில்லையா?

பழையசக்கரம்
சுத்தமான கயிறு என்று ஒன்று இருக்கிறது. பிஸ்டன் சரியாக மேலே இல்லை என்றால் உங்கள் காற்று கிராங்கையே சுற்றிவிடும். கை அருகில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திப்போடு
ஹெட்டை மட்டும் சரி செய்தால் மேல்பக்கம் இறுகி, கீழே ரிங் சீக்கிரம் போய்விடும். பழைய மெக்கானிக் எல்லாரும் சொல்வது இது. அதனால்தான் மொத்தமாக மாற்றச் சொல்கிறேன்.

மைக்ரோமீட்டர்
ரிங் ஏற்கெனவே போயிருந்தால் ஹெட் சரியானதும் அது வெளியே தெரியும், அவ்வளவே. நல்ல ரிங்கை எந்த வால்வ் சீலும் கெடுத்ததில்லை.

இரவுப்பயணி
20டபிள்யூ-50 (கெட்டி ஆயில்) ஊற்றிக் கொஞ்ச காலம் ஓட்ட முடியாதா? என் நண்பர் அப்படித்தான் ஓட்டுகிறார்.

நாலு_சிலிண்டர்
பழைய, எளிய இன்ஜினில் கொஞ்சம் தாங்கும். மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த இன்ஜினில், அதுவும் வேரியபிள் வால்வ் டைமிங் இருந்தால், கெட்டி ஆயில் சின்ன வழிகளுக்குள் போய்ச்சேரவே நேரமாகும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் தேய்மானம் கூடும். இப்படி எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். தள்ளிப்போட்டால் செலவு சேரும்.

வெள்ளை_செடான்
எண்கள் வந்துவிட்டன. 1: 170, 2: 166, 3: 118, 4: 168, எல்லாம் பிஎஸ்ஐ. ஆயில் விட்டதும் மூன்றாவது 158 வரை ஏறியது, மற்றவை கொஞ்சம்தான். மூன்றாவது பிளக் எப்போதுமே கறுத்து ஈரமாகத்தான் இருக்கும், மாற்றினாலும் அப்படித்தான். இப்போது முடிவு சொல்லலாமா?

மைக்ரோமீட்டர்
எப்போதுமே கறுத்து ஈரமாகவா! இதை முதல் வரியில் எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம். சரி. பெரிய எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே ஒரு சிலிண்டர் இருந்தால் அது நோயாளி. உங்கள் மூன்றாவது 70 சதவீதத்துக்கும் கீழே. மற்ற மூன்றும் இந்த வயதுக்கு நன்றாகவே இருக்கின்றன. இன்ஜின் முழுதும் தேய்ந்த கேஸ் இல்லை இது. ஹெட்டைக் கழற்றி மூன்றாவது போரில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், நகம் மாட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். ஹெட்டின் சமதளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் ஃபேஸிங் (சீவிச் சமமாக்குவது).

திருகாணி
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி. அந்த ஈரம் ஆயிலா, பெட்ரோலா? முகர்ந்து பார்த்தீர்களா? மூன்றாவது இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) சொட்டினால் பெட்ரோல் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தேய்வதற்கு அது போதும். டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) முகர்ந்தாலும் தெரியும். காரணத்தைப் பார்க்காமல் புது ரிங் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

மாத்திப்போடு
அதற்குத்தான் வேறு இன்ஜின் என்றேன்.

திருகாணி
வேறு இன்ஜின் பெரும்பாலும் வெறும் இன்ஜினாக வரும். பழையதில் இருக்கும் இன்ஜெக்டர் ரெயிலைத்தான் கழற்றி அதில் மாட்டுவார்கள்.

கரிப்புகை
ரீபோர் தேவைப்பட்டால் நான்கையும் ஒரே அளவுக்குப் போட வேண்டும், 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதலாக. ஒரு பிஸ்டன் மட்டும் பெரிதாக இருந்தால் எடை வித்தியாசம் வந்து அதிரும்.

பழையசக்கரம்
மற்ற மூன்றும் அளவில் இருந்தால் எதற்காக அவற்றைத் தொட வேண்டும்? மூன்றாவதுக்கு மட்டும் ஸ்லீவ் (உள்ளே இறக்கும் புதுக் குழாய்) அடித்து ஸ்டாண்டர்ட் அளவுக்கே கொண்டுவரலாம். இரும்பு பிளாக்கில் அது பழகிய வேலை.

கரிப்புகை
ஸ்லீவ் சரியாக உட்காராமல் நகர்ந்த இன்ஜினைப் பார்த்திருக்கிறேன்.

பழையசக்கரம்
ரீபோர் செய்து இறுகிப் பிடித்த இன்ஜினை நானும் பார்த்திருக்கிறேன். லேத்காரரைப் பொறுத்தது.

மைக்ரோமீட்டர்
இருவரும் அளக்காமலேயே சண்டை போடுகிறீர்கள். மற்ற மூன்று போரின் நீள்வட்டமும் சாய்வும் கையேட்டு வரம்புக்குள் இருந்தால் ஸ்லீவ், ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), ரிங். தாண்டியிருந்தால் நான்கும் ரீபோர். எந்த வழியானாலும் பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கை லேத்துக்குக் கொடுக்கணும், அந்தந்த பிஸ்டனை அளந்துதான் அந்தந்த போரை முடிப்பார்கள். பிஸ்டனே கிடைக்காத இன்ஜின் என்றால் மட்டும் மாத்திப்போடு சொல்வதைக் கேளுங்கள்.

நாலு_சிலிண்டர்
கீழே போனால் கனெக்டிங் ராட் பேரிங்கையும் பாருங்கள். செம்பு தெரிந்தால் கிராங்க் ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) அளந்தே ஆகணும்.

வெள்ளை_செடான்
ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. மூன்றாவதில் கோடு, நகம் மாட்டுகிறது. மற்ற மூன்றும் வரம்புக்குள். பிஸ்டன் கிடைத்துவிட்டது. ஸ்லீவ் அடிக்கச் சொல்லிவிட்டேன், வால்வ் சீலும் மாறுகிறது. திருகாணி சார் சொன்னதால் இன்ஜெக்டர் நான்கையும் சோதிக்கக் கொடுத்தேன். மூன்றாவது மூடிய பிறகும் சொட்டுகிறது. எல்லாருக்கும் நன்றி.

இரவுப்பயணி
அருமை. ஓடியதும் எழுதுங்கள்.

நாலு_சிலிண்டர்
பேரிங் பார்த்தீர்களா? செம்பு தெரிந்ததா? முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு ஐடிலிலேயே விட்டு வைக்காதீர்கள், சுமை கொடுத்து ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் உட்காரும். முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

மூச்சுக்குழல்
பிசிவி வால்வையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், சின்னப் பொருள்தான்.

பழையசக்கரம்
வால்வ் சீலுக்கு இனிக் கயிறு தேவையில்லை, ஹெட் மேசைமேல்தான் இருக்கிறது. ஆனால் கரிப்புகை, காற்று பற்றிச் சொன்னதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.