ரோட்ஜர்ஸ் போயாச்சு, லவ் தாங்குவாரா? பையனுக்கு 10ஆம் நம்பர் ஜெர்சி வாங்கலாமா வேணாமா?

மில்வாக்கி_அப்பா | 30 ஜூலை 2023

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு போற ஆளு நான், இன்னைக்கு தான் முதல் தடவை எழுதுறேன், தப்பிருந்தா கண்டுக்காதீங்க. 2011ல வேலைக்காக மில்வாக்கி வந்தேன், வந்த வருஷம் நம்ம கிரீன் பே பேக்கர்ஸ் டீம் தான் சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக் NFLலோட ஃபைனல்) சாம்பியன், திங்கக்கிழமை ஆஃபீஸ்ல வேற பேச்சே கிடையாது, அப்படியே எனக்கும் ஒட்டிக்கிச்சு. எனக்கு தெரிஞ்ச ஒரே குவார்ட்டர்பேக் (பால எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவர்) ஆரன் ரோட்ஜர்ஸ் தான். பையனுக்கு 9 வயசு, அவனுக்கும் அதே கதை, 12ஆம் நம்பர் ஜெர்சிய துவைக்க கழட்டுன்னா கூட அழுவான். ஏப்ரல்ல அவர நியூயார்க் ஜெட்ஸ் டீமுக்கு ட்ரேடுன்னு நியூஸ் வந்தப்ப ரெண்டு நாள் சரியா சாப்பிடல (பையன சொல்றேன். சரி, நானும் தான்).

போன வாரம் ட்ரெயினிங் கேம்ப் பார்க்க கிரீன் பே கூட்டிட்டு போனேன். அங்க ஒரு வழக்கம் இருக்குல்ல, பிராக்டிஸுக்கு போற பிளேயருங்க சின்னப் பசங்களோட சைக்கிள வாங்கி ஓட்டிட்டு போவாங்க, பசங்க ஹெல்மெட்ட தூக்கிக்கிட்டு பக்கத்துலயே ஓடணும், அதுக்காக கார் பின்னாடி சைக்கிள கட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டுனேன். ரோட்ஜர்ஸ் இடத்துல ஆடப்போற ஜோர்டன் லவ் (10ஆம் நம்பர்) வருவாரு வருவாருன்னு பையன் நின்னான். கடைசில யாரோ ஒரு லைன்மேன், 300 பவுண்டுக்கு குறையாது, முழங்கால் தாடையில இடிக்க அந்த குட்டி சைக்கிள்ல உக்காந்து போனாரு. சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல, ஆச்சரியம் தான்.

பிராக்டிஸ்ல லவ் போட்ட ஒரு பால் அம்பு மாதிரி போகுது, அடுத்தது ஆளுக்கு ரெண்டு யார்டு முன்னாடியே தரையில குத்துது. திரும்பி வர்றப்ப பின் சீட்ல இருந்து கேட்டான், "அப்பா, 10ஆம் நம்பர் வாங்கித் தருவியா?" ஜெர்சி நூறு டாலர் கிட்ட வருது. வாங்கி, அடுத்த வருஷமே வேற ஆள கொண்டு வந்துட்டாங்கன்னா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, இந்த வருஷம் நியாயமா என்ன எதிர்பார்க்கலாம்?

உறைபனி_பாண்டி | 30 ஜூலை 2023

தம்பி, நான் 96ல இருந்து விஸ்கான்சின்ல தான் இருக்கேன். நீங்க இப்ப படுற அவஸ்தைய 2008லயே பட்டுட்டோம். அப்ப நம்ம குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருன்னா கோயில் சிலை மாதிரி. 92ல அப்போதைய குவார்ட்டர்பேக் மஜ்கௌஸ்கி அடிபட்டு விழுந்தப்ப உள்ள வந்த மனுஷன், பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு மேட்ச் கூட விடாம ஆடுனாரு. 2008 ஜனவரில ஜயன்ட்ஸோட மேட்ச், பூஜ்யத்துக்கும் கீழ குளிரு, ஓவர்டைம்ல அவர் போட்ட பால எதிர் டீம் பிடிச்சு, அதாவது இன்டர்செப்ட் பண்ணி, நம்மள வெளிய அனுப்பிட்டாங்க. மார்ச்ல அழுதுகிட்டே ரிட்டையர் ஆனாரு. கோடைல திரும்பி வந்து எனக்கு என் இடம் வேணும்னாரு. டீம் முடியாதுன்னுச்சு, ஜெட்ஸுக்கு அனுப்பிட்டாங்க. ஆமா, இப்பவும் அதே ஜெட்ஸ் தான், இந்த டீமுக்கு கற்பனை பஞ்சம் போல.

அப்ப ரோட்ஜர்ஸுக்கு கிடைச்ச வரவேற்பு தெரியுமா? எங்க தெருவுலயே பாதி பேரு அந்தப் பையன திட்டுனாங்க. மூணு வருஷம் பெஞ்சுல இருந்தவன், இவனுக்கு என்ன தெரியும்னாங்க. முதல் வருஷம் ரிசல்ட் என்ன? 6 வெற்றி, 10 தோல்வி. நல்லா கவனிங்க, 6-10. ஆனா மேட்ச உக்காந்து பார்த்தவனுக்கு தெரியும், 28 டச்டவுன் (பால எதிர் பக்க எல்லைக்கோட்ட தாண்டி கொண்டு போய் எடுக்கிற ஸ்கோர்) போட்டாரு, 4000 யார்டு தாண்டுனாரு, பல மேட்ச் கடைசி நேரத்துல தான் கைவிட்டுப் போச்சு. ஸ்டார்ட்டரா மூணாவது சீசன்ல சூப்பர் பவுல். அதனால இந்த வருஷம் ஜெயிச்ச மேட்ச எண்ணாதீங்க. செப்டம்பர்ல பண்ற தப்ப டிசம்பர்லயும் பண்றாரான்னு மட்டும் பாருங்க. வேற எதுவும் இப்போதைக்கு வேணாம்.

ஜெர்சி வாங்குங்க. நான் 2021ல 300 டாலர் கொடுத்து டீம் ஷேர் வாங்கி ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டிருக்கேன், டிவிடெண்டும் கிடையாது விக்கவும் முடியாது, வீட்டம்மா இன்னைக்கும் கேக்குறாங்க. அத விட ஜெர்சி நல்ல செலவு.

கணக்குப்புலி | 31 ஜூலை 2023

பாண்டி அண்ணே சொன்னது கேக்க நல்லா இருக்கு, ஆனா ரெண்டு தடவை லாட்டரி விழுந்ததால மூணாவது டிக்கெட்டும் விழும்னு சொல்ற மாதிரி இருக்கு. 92ல இருந்து 2022 வரைக்கும் ரெண்டே குவார்ட்டர்பேக்க வச்சு ஓட்டுனது இந்த லீக்ல எந்த ஊருக்கும் கிடைக்காத யோகம். பெஞ்சுல மூணு வருஷம் உக்கார வச்சா ரோட்ஜர்ஸ் ஆயிடுவாங்கன்னா எல்லா டீமும் அதையே பண்ணிருக்கும்ல.

லவ்வ பத்தி நம்ம கையில இருக்கிற ஆதாரம் என்ன? மூணு வருஷத்துல மொத்தமே 83 பாஸ், 3 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். ஸ்டார்ட் பண்ணது ஒரே மேட்ச், 2021 நவம்பர்ல கேன்சஸ் சிட்டில, ரோட்ஜர்ஸுக்கு கோவிட் வந்ததால. 13-7ன்னு தோத்தோம், டிஃபன்ஸ் அவங்க குவார்ட்டர்பேக் மஹோம்ஸையே 13ல நிறுத்தியும் நம்ம பக்கம் ஒண்ணும் நடக்கல. அதுக்கு முன்னாடி யூட்டா ஸ்டேட் காலேஜ்ல 2018ல 32 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், பிரமாதம். அடுத்த வருஷமே 20க்கு 17. கோச் மாறிட்டாரு, கூட ஆடுன பசங்க போயிட்டாங்க, காரணம் இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா இப்ப இங்க மட்டும் யாரு இருக்கா? பால பிடிக்கிற ரிசீவருங்க லசார்டும் காப்பும் ரோட்ஜர்ஸ் பின்னாடியே ஜெட்ஸுக்கு போயாச்சு. வாட்சனும் டௌப்ஸும் ரெண்டாம் வருஷம், ரீடு புதுசு, டைட் எண்டு (தடுக்கவும் செய்யணும், பிடிக்கவும் செய்யணும்) மஸ்கிரேவ், கிராஃப்ட் ரெண்டு பேரும் புதுசு. கிளாஸ்ல வாத்தியாரும் புதுசு, பசங்களும் புதுசு.

இன்னொண்ணு, டீமுக்கே முழு நம்பிக்கை இல்ல. டிராஃப்ட்ல (புது பிளேயருங்கள டீமுங்க முறை வச்சு எடுக்கிறது) முதல் ரவுண்டுல எடுத்த ஆளுன்னா காண்ட்ராக்ட நீட்டுற அஞ்சாவது வருஷ ஆப்ஷன எடுத்திருக்கலாம், எடுக்கல, மே மாசம் சின்னதா ஒரு காண்ட்ராக்ட் போட்டாங்க, 2024 வரைக்கும், அதிகபட்சம் 22.5 மில்லியன், அதுல கியாரண்டி 13.5 தான். பிடிக்கலன்னா விலகிக்கலாம்னு கதவ பாதி திறந்து வச்சிருக்காங்க. நீங்க 100 டாலர் போடலாமான்னு அவங்ககிட்ட தான் கேக்கணும்.

கரடிக்குட்டி_சிகாகோ | 31 ஜூலை 2023

வழி தவறி வந்துட்டேன், நான் சிகாகோ பேர்ஸ் டீம் ஃபேன். முப்பது வருஷமா ரெண்டே பேர வச்சு எங்க வயித்தெரிச்சல வாங்குனவங்க இப்ப ஜெர்சி வாங்கலாமான்னு பயப்படுறத பார்க்க எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு தெரியுமா. ரோட்ஜர்ஸ் எங்கள ரெகுலர் சீசன்ல 24 தடவை ஜெயிச்சு 5 தடவை தான் தோத்தாரு. 2021ல எங்க சோல்ஜர் ஃபீல்டுக்கே வந்து, இன்னும் நான் தான்டா உங்க ஓனர்னு கூட்டத்தப் பார்த்து கத்துனாரு, நான் அங்க தான் இருந்தேன், கையில நாச்சோஸ், வாயில வார்த்தை இல்ல. எங்க குவார்ட்டர்பேக் ஜெர்சியெல்லாம் சேர்த்து வச்சா ஒரு துணிக்கடை போடலாம்.

செப்டம்பர் 10, முதல் மேட்ச், எங்க ஊர்ல. எங்க குவார்ட்டர்பேக் ஃபீல்ட்ஸ் காலு வச்சு ஓடுவாரு, லவ் உயிருக்கு ஓடுவாரு. வாங்க.

புதுசா_பாக்கறவ | 1 ஆகஸ்ட் 2023

ஒரு சின்ன சந்தேகம், சிரிக்காதீங்க. வீட்டுக்காரர் பார்க்கிறதால நானும் போன வருஷத்துல இருந்து தான் பார்க்கிறேன். மூணு வருஷம் மேட்சே ஆடாம பெஞ்சுல உக்காந்தா என்னத்த கத்துக்க முடியும்? கிரிக்கெட்ல பெஞ்சுல இருந்தா ஃபார்ம் போயிடும்னு தானே சொல்வாங்க? தோனி ஜடேஜாகிட்ட கேப்டன்சி கொடுத்துட்டு பாதிலயே திரும்ப வாங்கிக்கிட்டாரே, இங்கயும் அப்படி ஆகுமா?

உறைபனி_பாண்டி | 1 ஆகஸ்ட் 2023

நல்ல கேள்விம்மா, சிரிக்க ஒண்ணுமில்ல. திரும்ப வாங்கிக்கிற கதையெல்லாம் இங்க நடக்காது, அவரு நியூ ஜெர்சில வீடு பார்க்கப் போயாச்சு.

பெஞ்சுல கத்துக்கிறது கையால இல்ல, கண்ணால. பால் கையில வந்து ரெண்டரை, மூணு செகண்டுக்குள்ள முடிவு எடுக்கணும், எதிர்ல இருக்கிறவன் எந்த கவரேஜ்ல (தடுக்கிற அமைப்புல) நிக்கிறான், நிக்கிற மாதிரி நடிக்கிறானா, முதல் ரிசீவர் கிடைக்கலன்னா ரெண்டாவது யாரு, அதுக்கேத்த மாதிரி கால் எத்தனை அடி பின்வாங்கணும். கால் தாளம் தப்புனா பால் தப்பும். மில்வாக்கி தம்பி பார்த்த அந்த தரையில குத்துன பால் அப்படித்தான், கை பலம் குறைஞ்சு இல்ல, எடைய பின் கால்லயே வச்சுக்கிட்டு போடுறாரு. அதத்தான் திருத்திக்கிட்டு இருக்காங்க. திருத்துறவரு யாருன்னு பாருங்க, டாம் கிளெமென்ட்ஸ், அன்னைக்கு ரோட்ஜர்ஸ செதுக்குனவர், போன வருஷம் திரும்ப வந்திருக்காரு.

இன்னொரு விஷயம், ரோட்ஜர்ஸ் லைன்ல நின்னுகிட்டே கோச் சொன்ன பிளேய மாத்திடுவாரு, அந்த அளவுக்கு மூளை, அந்த அளவுக்கு சுதந்திரம். லவ், கோச் லஃப்ளூர் எழுதிக் கொடுத்தத அப்படியே ஓட்டுவாரு, பால வாங்கி ஓடுற ஜோன்ஸுக்கும் தில்லனுக்கும் ஓட்டம் கொடுத்துட்டு, கொடுக்கிற மாதிரி ஏமாத்திட்டு மேல போடுறது. அத பார்க்க எனக்கே ஆசையா இருக்கு, லஃப்ளூரோட உண்மையான சமையல் எப்படி இருக்கும்னு இது வரைக்கும் நாம ருசி பார்க்கவே இல்லையே.

கணக்குப்புலி | 1 ஆகஸ்ட் 2023

இது நியாயமான பாயிண்டு. போன நவம்பர்ல ஈகிள்ஸ் மேட்ச்ல ரோட்ஜர்ஸ் விலா எலும்புல அடிபட்டு வெளிய போனப்ப லவ் வந்து 9 பாஸ்ல 6, 113 யார்டு, வாட்சனுக்கு போட்டது 63 யார்டு டச்டவுன். அதுல அந்த கால் வேலை சுத்தமா இருந்துச்சு. ஆனா அது கால் மணி நேர சினிமா, முழுப்படம் வரட்டும். நான் சொல்றது 7-10. 8 ஜெயிச்சா மொட்டை போட்டுக்குறேன்.

புதுசா_பாக்கறவ | 1 ஆகஸ்ட் 2023

போட்டோ போடணும் சொல்லிட்டேன்.

உறைபனி_பாண்டி | 12 செப்டம்பர் 2023

கரடிக்குட்டி எங்க? 38-20. லவ் 245 யார்டு, 3 டச்டவுன், இன்டர்செப்ஷன் கிடையாது. உயிருக்கு ஓடுனது யாருன்னு தெரியல.

ஆனா நேத்து ராத்திரி ஜெட்ஸ் மேட்ச பார்த்துட்டு சந்தோஷம் பாதி போயிடுச்சு. நாலே ஸ்னாப் (நாலே பிளே), ரோட்ஜர்ஸுக்கு அக்கிலீஸ் (குதிகால் தசைநாண்) போச்சு. எத்தனை கோவம் இருந்தாலும் அந்த மனுஷன் புல்லுல உக்காந்த காட்சிய பார்க்க முடியல, டிவிய ஆஃப் பண்ணிட்டேன்.

கணக்குப்புலி | 12 செப்டம்பர் 2023

எனக்கும் தான் அண்ணே. ட்ரேடுல அவர் 65 சதவீதம் பிளேல இருந்தா நமக்கு அடுத்த வருஷம் டிராஃப்ட்ல முதல் ரவுண்டு பிக்குன்னு இருந்துச்சு, அது இப்ப ரெண்டாவது ரவுண்டா போச்சு. இந்த நேரத்துல இத சொல்லக்கூடாது தான், கை அரிக்குது.

கரடிக்குட்டி_சிகாகோ | 13 செப்டம்பர் 2023

நான் ஊர்லயே இல்ல.

கணக்குப்புலி | 30 அக்டோபர் 2023

தூசி தட்டுறேன். 2-5. லயன்ஸ், ரெய்டர்ஸ், பிராங்கோஸ், நேத்து நம்ம லாம்போ ஸ்டேடியத்துலயே வைக்கிங்ஸ் 24-10, வரிசையா நாலு தோல்வி. வேகாஸ்ல ரெய்டர்ஸோட மட்டும் 3 இன்டர்செப்ஷன். முதல் பாதில டீமே எழுந்திரிக்க மாட்டேங்குது. நான் சொன்னேன்னு சொல்ல வரல, சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு, ஆனா நேத்து பார்த்தப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. நல்ல பால் போடுறாரு, பையன் தவறான பக்கம் ஓடுறான். பையன் சரியா ஓடுறான், பால் லேட்டா வருது. ரெண்டும் ஒண்ணா நடக்கிறதே இல்ல. நடக்க ஆரம்பிச்சா என்ன ஆகும்னு எனக்கும் ஒரு நப்பாசை, வெளிய சொல்லிடாதீங்க.

உறைபனி_பாண்டி | 30 அக்டோபர் 2023

இன்னும் டிசம்பர் வரல. நான் சொன்னது டிசம்பர். ஸெயின்ட்ஸோட 17-0 பின்னாடி இருந்துட்டு கடைசி குவார்ட்டர்ல 18-17ன்னு ஜெயிச்சாரே, அந்த ஆளு உள்ள எங்கயோ இருக்கான். (அப்புறம் நேத்து வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக் கசின்ஸும் அக்கிலீஸ் போயி வெளிய போனாரு. இந்த வருஷம் என்ன கண்ணு பட்டுச்சோ.)

கரடிக்குட்டி_சிகாகோ | 30 அக்டோபர் 2023

கிண்டல் பண்ணலாம்னு தான் வந்தேன். நாங்க 2-6. வர்றேன்.

மில்வாக்கி_அப்பா | 31 அக்டோபர் 2023

எல்லாருக்கும் நன்றி, நடுவுல எழுத முடியல, வேலை. கேள்வி கேட்டவன் நான் தானே, முடிவையும் சொல்லிடுறேன். வேகாஸ் மேட்ச் தோத்த வாரம் ஜெர்சி வாங்கிட்டேன். உண்மைய சொன்னா நான் இன்னும் பொறுக்கலாம்னு தான் இருந்தேன், அன்னைக்கு ராத்திரி மூணாவது இன்டர்செப்ஷனுக்கு நான் ரிமோட்ட சோஃபால வீசுனேன், பையன் கண்ண தேய்ச்சுக்கிட்டே, "அப்பா, அவருக்கு இது அஞ்சாவது மேட்ச் தானே"ன்னான். அவ்வளவு தான், அதுக்கு மேல என்ன பேசுறது.

நேத்து திங்கக்கிழமை, வைக்கிங்ஸ்கிட்ட தோத்த மறுநாள், அதையே போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு போனான். கிளாஸ்ல கிண்டல் பண்ணாங்களான்னு கேட்டேன், ஒரு பையன் பண்ணான், அவன் போட்டிருந்தது 12 ஜெர்சிங்குறான்.

கணக்குப்புலி சார், காண்ட்ராக்ட் 2024 வரைக்கும்னு சொன்னீங்கள்ல, அத மனசுல வச்சு ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டேன். இப்போதைக்கு முட்டி வரைக்கும் தொங்குது, வீட்டம்மா பார்த்துட்டு நைட்டியான்னு கேட்டாங்க.