சப்ளான்டிங்: ‘பதிலீடு’ போதுமா?

அன்பர்களே,

அமெரிக்காவில் ஊர்க் காவல்துறைகளுக்குப் போக்குவரத்துப் பாதுகாப்புக்காகத் தரும் கிராண்ட் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல்தொகுப்பு பாதி முடிந்தது. கிராண்டுக்கு ‘நல்கை’ வைத்திருக்கிறேன். மானியம் என்றால் நம்மூரில் உர மூட்டையும் கேஸ் சிலிண்டரும்தான் நினைவுக்கு வரும். சாச்சுரேஷன் பேட்ரோல், அதாவது ஒரே சாலைத் துண்டில் ஒரே நேரத்தில் பல ரோந்து வண்டிகளை இறக்கிக் குடித்து ஓட்டுபவர்களைப் பிடிப்பது, ‘செறிவு ரோந்து’. இடிப்பது சப்ளான்டிங்தான்.

1966-ன் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கிய 402-ஆம் பிரிவு நல்கையில், மாநிலத்துக்கு வரும் பணத்தில் குறைந்தது 40 சதவீதம் உள்ளாட்சிகள் வழியாகச் செலவாக வேண்டும். நகரசபை ஏற்கெனவே 2 போக்குவரத்துக் காவலருக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று வையுங்கள். நல்கை வந்ததும் அந்தச் சம்பளத்தை அதன் தலையில் ஏற்றிவிட்டு, மிச்சமான பணத்தில் வேறு செலவு செய்கிறார்கள். சாலையில் நிற்பது அதே 2 பேர். இதுதான் சப்ளான்டிங், இதற்குத் தடை உண்டு. ‘பதிலீடு’ என்கிறேன்.

திருநகரிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

பதிலீட்டில் குற்ற வாடையே இல்லையே! வெளிநாட்டுச் சரக்குக்குப் பதில் உள்நாட்டிலேயே செய்வதை இறக்குமதிப் பதிலீடு என்று பொருளாதாரத்தில் நல்ல காரியத்துக்கல்லவா சொல்கிறோம்? ‘மடைமாற்றம்’ என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ‘பதிலிட்டார்’ என்றால் மறுமொழி எழுதினார் என்று ஆகிவிடும்.

மேலூரிலிருந்து

*

மேலூர் ஐயாவுக்கு,

மடைமாற்றம் வேறு குற்றம். ஹெல்மெட் பிரச்சாரத்துக்கு வந்த பணத்தில் ஏசி வாங்கினால் அது மடைமாற்றம். தண்ணீர் வேறு வயலுக்குப் போய்விட்டது. சப்ளான்டிங்கில் தண்ணீர் சரியான வயலுக்குத்தான் வருகிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்ததும் கிணற்று மோட்டாரை நிறுத்திவிடுகிறோம் பாருங்கள், அந்தக் கதை. வயல் நனைவது பழைய அளவுதான். கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருப்பதால் தணிக்கையில் எளிதில் தட்டுப்படாது.

சொல்லை நம்மூர்க் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மதுரையில் கப்பலூரிலிருந்து மாட்டுத்தாவணி வரை ரிங் ரோட்டில் இரவுச் சோதனை: 6 காவலர், இரவுக்கு 4 மணி நேரம், மாதம் 8 இரவு. மொத்தம் 192 ஆள்-மணி. இந்த 6 பேரின் பெயரும் அதே இரவுகளுக்கான வழக்கமான டியூட்டி பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் 192 மணியும் பதிலீடு. ஓய்வு நாளிலோ ஷிப்ட் முடிந்த பிறகோ கூடுதலாக வந்தவர்கள் என்றால் தப்பில்லை. ஆக, செலவுச் சீட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை; டியூட்டி பட்டியலையும் போன வருட ஒதுக்கீட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நல்கை வராவிட்டாலும் இந்தச் செலவு நடந்திருக்குமா என்ற ஒரே கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் பிடிபட்டது.

அடி விழுவது நல்கை முடிந்த மறு வருடம். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் கருவிக்கான அளவுத்திருத்தச் செலவும் (சரியாக அளக்கிறதா என்று சோதித்துச் சரிசெய்வது), ஆளுக்கு ஒன்றாக மாற்றும் ஊதுகுழல் செலவும் வழக்கமான ஒதுக்கீட்டில் இருந்தவை. நல்கை வந்ததும் அந்தத் தலைப்பை வெட்டிவிடுகிறார்கள். நல்கை நின்றதும் இரண்டுக்கும் பணமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பைத் தாண்டியதாகக் கருவி காட்டினாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அளவுத்திருத்தச் சான்றிதழைத்தான்.

சொல்லுக்கு வருகிறேன். தனியாக நின்றால் பதிலீடு சப்பென்றுதான் இருக்கிறது. சப்ளிமென்ட்டுக்கு, அதாவது இருக்கும் செலவுக்கு மேல் கூடுதலாகச் சேர்ப்பதற்கு, ‘மேலீடு’ வைத்து இரண்டையும் ஜோடியாக்கினால் நிமிர்ந்துவிடும்: “நல்கை மேலீடாக இருக்க வேண்டும், பதிலீடாக இருக்கக் கூடாது.” ஸ்டேஷன் ரைட்டர் ஒருமுறை படித்தால் போதும். விதியின் பெயர் ‘பதிலீட்டுத் தடை’. வினைக்குப் ‘பதிலீடு செய்’ என்றே எழுதுவோம், ‘பதிலிடு’ வேண்டாம்.

சிந்தாமணியிலிருந்து

*

மேலீடு என்றதும் ‘உணர்ச்சி மேலீட்டால்’ என்றுதான் வாய் போகிறது. ஆனாலும் பொருள் அதேதான், இருப்பதற்கு மேல் பெருகுவது. மடைமாற்றத்தை, பணத்தை வேறு வேலைக்குத் திருப்பிவிடுவதற்கு ஒதுக்கிவிட்டு இந்த ஜோடியை ஏற்கிறேன்.

அடுத்தது ரீஇம்பர்ஸ்மென்ட், முதலில் கைக்காசைப் போட்டுச் செலவழித்து, பிறகு சீட்டுக் காட்டி வாங்குவது. ‘ஈடுசெய்தல்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், விபத்து இழப்பீட்டோடு குழம்பும்.

மேலூரிலிருந்து