மெத்தோட்ரெக்ஸேட் ஊசியை வீட்டில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்: விரல் மடங்காதவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கும்பகோணம் தையற்கடை

வணக்கம். எனக்கு வயது 52. வீட்டுத் திண்ணையிலேயே தையற்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை தைப்பேன். சில வருடங்களாகச் சரவாங்கி. டாக்டர் சீட்டில் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்’ என்று எழுதுகிறார். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒரு முறை சாப்பிட்டுவந்தேன். மூட்டு வீக்கம் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மாத்திரை விழுங்கினால் மறுநாள் முழுவதும் குமட்டல். காப்பி வாசனை வந்தாலே எழுந்து ஓட வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு காப்பிக்கு மூக்கைப் பொத்துவது என்ன தண்டனை என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். அதனால் டாக்டர் அதையே ஊசியாக மாற்றிவிட்டார். வாரம் 15 மில்லிகிராம்.

இதுவரை தெருமுனை கிளினிக்கில் இருந்த சிஸ்டர் போட்டுவிட்டார். அவருக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார். டாக்டர் இருப்பது தஞ்சாவூரில். ஓர் ஊசிக்காக வாராவாரம் பஸ் ஏறினால் கடையை யார் திறப்பது? “சர்க்கரை நோயாளிகள் தினமும் போட்டுக்கொள்ளவில்லையா, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட வேண்டும் என்று கையாலேயே காட்டினார். அடுத்த நோயாளி அதற்குள் உள்ளே வந்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

என் சிக்கலைச் சொல்கிறேன். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காலை பத்து மணி வரை மடங்காது. கத்தரிக்கோலையே மதியத்துக்கு மேல்தான் தொடுகிறேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு சிரிஞ்சு மூடியைக் கழற்றி, மருந்தை இழுத்து, குத்தி, அழுத்த வேண்டும். வீட்டுக்காரரை நம்ப முடியாது. கோழிக்கடையில் அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கிற ஆள். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். “நான் எல்லாம் எடுத்துத் தருகிறேன் அம்மா, நீ குத்திக்கொள்” என்கிறாள்.

பொழுது விடிந்தால் ஊசியோடு புழங்குகிறவளுக்கு ஊசி பயமா என்று சிரிக்காதீர்கள். துணிக்கு வலிக்காது.

மருந்துக் கடையில் 2 மி.லி. குப்பி கொடுத்தார்கள், ‘50 மி.கி./2 மி.லி.’ என்று போட்டிருக்கிறது. கூடவே சிவப்பு மூடி போட்ட இன்சுலின் சிரிஞ்சு. அதில் 15 என்ற கோடு வரை இழுத்தால் சரிதானே? வரும் சனிக்கிழமை போட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் முதுகுவலிக்காரன்

அக்கா, பயமே வேண்டாம். எனக்கு முதுகெலும்பு வாதம், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடலிமுமாப் என்ற மருந்து 40 மி.கி. போட்டுக்கொள்கிறேன்; மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசியாகவே வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேசையில் வைத்துவிடுவேன். சில்லென்று உள்ளே போனால்தான் எரியும். சிலர் வெந்நீரில் போட்டுச் சூடாக்குகிறார்கள், அது கூடாது, மருந்து கெட்டுவிடும். தொடையில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பேனாவில் உள்ள சிறிய சன்னலில் நிறம் முழுதாக வரும்வரை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

எனக்கு ஊசியைவிட மின்வெட்டுதான் பெரிய தலைவலி. என் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டிக்குத் தூரமாக வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் ஐஸ் பையோடு போகிறேன். உங்கள் மருந்துக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்று நினைக்கும்போது பொறாமையாக இருக்கிறது.

முதல் தடவை மட்டும்தான் கை நடுங்கும். குத்திவிட்டால் ‘இதற்கா இவ்வளவு’ என்று இருக்கும். தைரியமாகப் போடுங்கள் அக்கா.

பழைய நடத்துநர், திண்டுக்கல்

தம்பி சொன்னது பேனாவுக்குச் சரி. அம்மா, உங்களுக்கு இப்போது தைரியம் முக்கியமில்லை. உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியம். அதை யாருமே கவனிக்கவில்லை. 15 என்ற கோடு வரை இழுக்காதீர்கள். இழுத்தால் உங்களுக்குப் போக வேண்டிய அளவு போகாது.

இன்சுலின் சிரிஞ்சில் உள்ள எண்கள் மில்லிகிராம் அல்ல, மில்லிலிட்டரும் அல்ல. இன்சுலின் யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 கோடு சேர்ந்தால் ஒரு மி.லி. ஆரஞ்சு மூடி என்றால் 100 கோடு சேர்ந்தால் ஒரு மி.லி. நீங்கள் எழுதியிருக்கும் குப்பியில் ஒரு மி.லி.க்கு 25 மி.கி. மருந்து இருக்கிறது. ஆகவே 15 மி.கி. என்பது 0.6 மி.லி. சிவப்பு மூடியில் அது 24ஆம் கோடு. ஆரஞ்சு மூடியில் 60ஆம் கோடு. நீங்கள் சொன்னபடி சிவப்பு மூடியில் 15 வரை இழுத்தால் 9 மி.கி. சொச்சம்தான் போகும். வீக்கம் திரும்பும், மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். மறுபக்கமும் யோசியுங்கள். ஆரஞ்சில் ‘60’ என்று பழகிய ஒருவர் கடையில் சிவப்பு கிடைத்தது என்று ஒன்றரைச் சிரிஞ்சு போட்டுக்கொண்டால் 37.5 மி.கி. உள்ளே போய்விடும். இது விளையாட்டு மருந்தல்ல. வேலைக்காலம் முழுவதும் சில்லறைக் கணக்குப் பார்த்தவன் நான். ஒரு ரூபாய் குறைந்தால் கையிலிருந்து கட்டிவிடலாம், இதில் அது நடக்காது.

என் யோசனை: இன்சுலின் சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மி.லி. சிரிஞ்சு கேளுங்கள். ‘டியூபர்குலின் சிரிஞ்சு’ என்றால் தருவார்கள். அதில் 0.1, 0.2 என்று மி.லி. கணக்கே இருக்கும். ஊசி தனியாகக் கழலும். மருந்து இழுக்க ஒன்று, குத்த ஒன்று என்று இரண்டு வாங்குங்கள். குப்பியின் ரப்பரைக் குத்திய முனை மழுங்கும். மழுங்கிய ஊசி என்ன செய்யும் என்று தையற்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறகு குப்பியையும் சிரிஞ்சையும் கையில் வைத்துக்கொண்டு டாக்டரின் ஆளுக்குப் போன் போட்டு, “15 மி.கி. என்றால் இதில் எந்தக் கோடு?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் கோட்டுக்குப் பேனாவால் அடையாளம் வையுங்கள். நான் எழுதியதை நம்பி மட்டும் போடாதீர்கள். கடையில் அடுத்த முறை வேறு அளவுக் குப்பி கொடுத்தால் என் கணக்கு செல்லாது.

விரல் விஷயம். எனக்கும் அதே நோய்தான், அதே விரல்கள்தான். காலையில் போடவே வேண்டாம். நான் சனிக்கிழமை இரவு சாப்பிட்ட பிறகு போடுகிறேன்; குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் பாதி கழிந்துவிடும். அதற்கு முன் வெந்நீரில் கையைச் சிறிது நேரம் வைத்தால் விரல் பேச்சுக் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்து தொடையின் முன்பக்கத்தில் போடுங்கள். வயிற்றில் போட்டால் தொப்புளிலிருந்து இரண்டங்குலம் தள்ளி. போன வாரம் குத்திய இடத்தில் இந்த வாரம் வேண்டாம். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் சுருக்கென்று எரியும். இடது கையால் சதையை மடிப்பாகப் பிடித்து அரை அங்குல ஊசியை நேராக இறக்கலாம். மெலிந்த உடம்பு என்றால் சற்றுச் சாய்த்து. மெதுவாகக் குத்துவதுதான் வலி. தயங்கித் தயங்கி இறக்காதீர்கள்.

கட்டைவிரல் அழுத்தவே முடியாது என்றால் மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது, 15 மி.கி. என்று தனியாகவே வரும். விலை கூடுதல்தான். நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன். பென்ஷனில் கொஞ்சம் கடித்தாலும் கணக்குப் போடும் வேலை இல்லை.

பெட்டிக்குள் வரும் தாளில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, நமக்குக் கொடுப்பது வேறு. இன்னொன்று தெரியுமா? இந்த மருந்து வகையை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சுதேசி இயக்கத்தில் சேர்ந்து கதராடை உடுத்தியதால் அவருக்கு எம்.பி.பி.எஸ். கொடுக்காமல் அதைவிடக் குறைந்த பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். நான் குத்திக்கொள்ளும்போதெல்லாம் அந்தத் தேர்வாளர்களை ஒரு முறை திட்டுவது உண்டு.

மதுரை செவிலியர்

ஐயா சொன்ன கணக்கு சரி. அம்மாவுக்கு நான் சேர்க்க வேண்டியது இரண்டு மூன்று இருக்கிறது.

முதலாவது உங்கள் மகள். அவர் இந்த மருந்தைத் தொடவே கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும் மருந்து. கர்ப்பிணிகள் குப்பியிலிருந்து இழுப்பது, சிந்தியதைத் துடைப்பது, சிரிஞ்சை அப்புறப்படுத்துவது எதையும் செய்ய வேண்டாம். அன்பாகத்தான் முன்வந்திருக்கிறார், அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள். யாராவது உதவித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் தோலில் சிந்தினால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மருந்து மஞ்சளாக இருக்கும். சிந்தினால் கண்ணுக்குத் தெரியும்.

சிரிஞ்சில் காற்றுக் குமிழி தெரிந்தால் பதறாதீர்கள். தோலுக்கடியில் போடுவதால் சிறு குமிழி ஆபத்தில்லை, ஆனால் மருந்தின் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். ஊசி குப்பிக்குள் இருக்கும்போதே சிரிஞ்சைச் சுண்டிக் காற்றைக் குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டு, அளவைச் சரிபாருங்கள். வெளியே பீய்ச்சக் கூடாது. போட்ட பிறகு பஞ்சால் லேசாக அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். விரல் மடங்காதவர்கள் குத்திக்கொள்வது அப்போதுதான். கனமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அப்படியே போட்டு, நிரம்பியதும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் ஆய்வகத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். குப்பைக் கூடையில் வேண்டாம், தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.

வாரம் ஒரே நாள். தினமும் போட்டுக்கொண்டு வாயெல்லாம் புண்ணாகி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டர் சொன்ன நாளில் விடாமல் சாப்பிடுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்ஸேட் போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் அதோடு சேரக் கூடாது.

கும்பகோணம் தையற்கடை

எல்லோருக்கும் நன்றி. நடத்துநர் ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு முதல் வேலையாகத் தஞ்சாவூருக்குப் போன் செய்தேன். டாக்டரின் உதவியாளர் குப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு 0.6 மி.லி. என்றுதான் அவரும் சொன்னார். மருந்துக் கடையில் சிரிஞ்சை மாற்றித் தர முதலில் முணுமுணுத்தார்கள்; விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரரே எழுந்து வந்து மாற்றித் தந்தார். துணியில் குறி போடும் சாக்கட்டி சிரிஞ்சுமேல் ஒட்டாது, அதனால் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன்.

மகளுக்குக் கொஞ்சம் கோபம். “ஏன் என்னைத் துரத்துகிறாய்?” என்றாள். சிஸ்டர் எழுதியதைக் காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிக்கே போய்விட்டாள். எதிர் வீட்டு ஆசிரியை குப்பி மூடியை மட்டும் எடுத்துத் தந்தார். மருந்தை நானேதான் இழுத்தேன். சனிக்கிழமை இரவு, தொடையில். குத்தினது தெரியவில்லை, அழுத்தும்போதுதான் கட்டைவிரல் நின்று நின்று போனது. அதற்கு அந்த நிரப்பிய சிரிஞ்சை டாக்டரிடம் கேட்கப் போகிறேன். தீபாவளித் தையல் பணம் வந்ததும்.

ஒரே ஒரு சந்தேகம். குப்பியில் பாதிக்கு மேல் மருந்து மீதி இருக்கிறது. அடுத்த வாரத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாமா? கொட்டிவிட மனசு வரவில்லை.

மதுரை செவிலியர்

குப்பியின் மேலேயே எழுதியிருக்கும் பாருங்கள். ‘ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றோ, ‘பிரிசர்வேட்டிவ் இல்லாதது’ என்றோ இருந்தால் வைக்கக் கூடாது. ரப்பரைக் குத்திய பிறகு கிருமி புகுந்தால் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. உங்களுக்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து போய்க்கொண்டிருக்கிறது. எதுவும் எழுதவில்லை என்றால் மருந்துக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். மீதியைக் கழிவறையிலோ சாக்கடையிலோ ஊற்றாமல் குப்பியோடு அந்த ஊசி டப்பாவிலேயே போட்டுவிடுங்கள்.