ஆம்புலன்சுக்கு எந்த சக்‌ஷன் மெஷின்?

பெரம்பூர்வாசி:
எங்கள் சங்கத்துக்கு ஆம்புலன்ஸ் வாங்குகிறோம். நோயாளியின் வாய், தொண்டையில் சேரும் சளி, வாந்தியை உறிஞ்சி எடுக்கும் மெஷினும் அதில் வேண்டும். பார்க் டவுன் கடையில், வீட்டு நோயாளிகளுக்கு விற்கும் சக்‌ஷன் மெஷினைக் காட்டி ‘இதுவே போதும் சார்’ என்கிறார்கள். கரண்டில் மட்டும்தான் ஓடும். இன்வெர்ட்டர் வைத்துச் சமாளிக்கலாமா?

சைரன்காரன்:
வேண்டாங்க. ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவன் சொல்கிறேன். லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியிலிருந்து இறக்கும்போது நோயாளி வாந்தி எடுத்தால், இன்வெர்ட்டரையும் தூக்கிக்கொண்டா வருவீர்கள்? உள்ளேயே பேட்டரி இருக்கணும், வண்டியின் 12 வோல்ட்டில் சார்ஜ் ஏறணும்.

ஐரோப்பியத் தரமான இ.என். 1789, குறைந்தது 65 கிலோபாஸ்கல் உறிஞ்சு அழுத்தமும் உறிஞ்சியது சேர 1 லிட்டர் ஜாடியும் கேட்கிறது. பாதரசக் கணக்கில் 490 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கடையிலேயே டியூபை மடக்கிப் பிடித்து மீட்டரைப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி 4 நொடிக்குள் 300 மி.மீ. தொட வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை! ஆம்புலன்ஸுக்கான நம் நாட்டு ஏ.ஐ.எஸ். 125 தரத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஐசியூ அக்கா:
அழுத்தத்தைக் குறைக்கும் திருகும் முக்கியம் தம்பி. பச்சிளம் குழந்தைக்கு 80 முதல் 100 மி.மீ. போதும். அப்புறம், வாந்திக்கு மெல்லிய டியூப் அடைத்துக்கொள்ளும். வாய்க்குள் விடும் தடித்த, கெட்டியான குழாய் முனை (யாங்கர் முனை என்பார்கள்) வாங்குங்கள்.

பெரம்பூர்வாசி:
பேட்டரி செத்துப்போனால்?

சைரன்காரன்:
கையால் அமுக்கும் பம்ப் ஒன்று பையிலேயே கிடக்கட்டும். விலையும் குறைவுதான்.