யோகட் பால் காய்ச்ச 3 கிலோவாட் கொயில்: எஸ்.ரி.சி-1000 தாங்குமா, எஸ்.எஸ்.ஆர் வேண்டுமா?

குளத்தடியான் (முள்ளியவளை)

வீட்டில் யோகட் போட்டு விற்கிறோம். இப்போது நாளுக்கு 20 லீற்றர் பால். விறகடுப்பில் அடிப்பிடிக்கிறது, புகை மணம் வேறு. அதனால் ஒரு பெரிய சில்வர் கிடாரத்தில் 15 லீற்றர் தண்ணீர், அதற்குள் பால் பாத்திரம், கிடாரத்தின் அடிப்பக்கம் 3 கிலோவாட் கொயில் என்று யோசித்திருக்கிறேன். 85 பாகையில் அரை மணித்தியாலம் வைத்து, 43க்கு ஆறவிட்டு, உறை போட்டுக் கப்பில் ஊற்றி, அதே தண்ணீரில் நாலைந்து மணித்தியாலம் 43இலேயே வைத்திருக்க வேண்டும். எஸ்.ரி.சி-1000 கொன்ட்ரோலர் (சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் பெட்டி) கையில் இருக்கிறது. 5, 6ஆம் முனைகள் ஹீட்டருக்கு என்று போட்டிருக்கிறது. கொயிலை அதிலேயே நேரே கொடுக்கலாமா? கடையில் "தாராளமாக" என்றார்கள்.

முறிகண்டிச்சந்தி

தாராளமாக எரியும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் றிலே, அதாவது ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் சின்னச் சுவிச், 10 அம்பியர். உங்கள் கொயில் 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு றிலேயின் முனை ஒட்டிக்கொள்ளும். திரையில் 43 தாண்டிப் போனாலும் கொயில் நிற்காது.

என் ஆலோசனை: பி.ஐ.டி கொன்ட்ரோலர் (சூடு நெருங்க நெருங்கக் கரண்டைக் குறைத்துக் கொடுப்பது) ஒன்று, 40 அம்பியர் எஸ்.எஸ்.ஆர் (அசையும் முனை இல்லாத எலக்ட்ரோனிக் றிலே), அதன் சூட்டை வெளியே விட நல்ல அலுமினிய ஹீற்சிங்க். எஸ்.ரி.சி மாதிரி "போடு, நிறுத்து" வகை 43இல் நிறுத்தினாலும் கொயிலில் மிஞ்சிய சூடு தண்ணீரை மேலே தள்ளும். உறைக்கு அது கூடாது. பி.ஐ.டியில் ரெக்ஸ் சி100 வாங்குவதென்றால் எஸ்.எஸ்.ஆருக்கான வெளியீடு உள்ளதா என்று பாருங்கள். றிலே வெளியீடு உள்ளதும் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரித்தான் இருக்கும்.

வயரிங்_நெடுங்கேணி

தம்பி முறிகண்டி, 10 அம்பியர் கதை சரி. மற்றது வீண் செலவு. கணக்கைப் பாருங்கோ. பாலும் தண்ணீரும் 35 லீற்றர். 3 கிலோவாட் முழுதாக ஓடினாலும் நிமிடத்துக்கு 1.2 பாகைதான் ஏறும். இவ்வளவு மெதுவாக ஏறுகிற ஒன்றுக்கு பி.ஐ.டி மூளை எதற்கு? 25 அம்பியர் கொன்டாக்டர் (உள்ளே உள்ள சுருளுக்குக் கரண்ட் கொடுத்தால் முனைகளை ஒட்டவைக்கும் பெரிய சுவிச்) ஒன்று வாங்கி, அதன் சுருளை மட்டும் 5, 6இல் கொடுத்தால் எஸ்.ரி.சியின் றிலேக்கு ஒரு சுமையும் இல்லை. எஸ்.ரி.சியின் எப்2 அமைப்பில், போடும் சூட்டுக்கும் நிறுத்தும் சூட்டுக்குமான இடைவெளியை 0.5 பாகை என்று வைத்து, தண்ணீரை இடைக்கிடை கலக்கிவிட்டால் போதும்.

எஸ்.எஸ்.ஆர் பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் பழுதாகும். அதாவது கொயில் நிற்காது. அது சும்மா இருக்கும்போதும் சில மில்லி அம்பியர் கசியும். கொன்ட்ரோலரில் "ஓஃப்" என்று பார்த்துவிட்டுக் கொயிலில் கை வைத்தால் அடிக்கும்.

முறிகண்டிச்சந்தி

அண்ணை, உங்கள் கொன்டாக்டர் ரவுணுக்குச் சரி. எங்கள் லைன் கடைசி ட்ரான்ஸ்போமருக்கும் அங்கால. இரவு 7 மணிக்கு 180 வோல்ற்தான் வரும், எல்லா வீட்டிலும் பல்ப் மஞ்சளாக அழும். கொன்டாக்டரின் சுருள் சொன்ன வோல்ற்றில் 85 வீதம் வரைக்கும்தான் ஒழுங்காகப் பிடிக்கும், கிட்டத்தட்ட 195. அதற்குக் கீழே கரகரவென்று துடிக்கும். துடிக்கத் துடிக்க முனையில் பொறி பறக்கும், கடைசியில் அதுவும் ஒட்டித்தான் போகும். எஸ்.எஸ்.ஆரை 3 முதல் 32 வோல்ற் டி.சிதான் இயக்குகிறது. 180 வந்தாலும் கவலை இல்லை.

தயிர்ச்சட்டி (கனகராயன்குளம்)

இரண்டு பேரும் அந்தப் பிள்ளையை வயருக்குள் சுற்றி வைத்திருக்கிறீர்கள். யோகட் போடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: பாலை 85க்குச் சூடாக்கக் கரண்ட் எதற்கு? காஸ் அடுப்பில் கிடாரம், அதற்குள் பால், ஒரு தெர்மோமீற்றர், கையில் அகப்பை. கொன்ட்ரோலர் வேண்டியது 43க்கு மட்டும். ஒரு ரெஜிபோம் பெட்டி, உள்ளே 60 வாட் குண்டு பல்ப், கொம்பியூட்டரில் கழற்றிய சின்ன விசிறி. 60 வாட் என்றால் கால் அம்பியர். எஸ்.ரி.சியில் நேரே கொடுக்கலாம். கொன்டாக்டரும் வேண்டாம், எஸ்.எஸ்.ஆரும் வேண்டாம். எல்.இ.டி பல்ப் போட்டு "சூடேறவில்லை அக்கா" என்று மட்டும் வராதீர்கள்.

முறிகண்டிச்சந்தி

அக்கா, 20 லீற்றர் என்றால் 80 மில்லி கப் 250 வரும். பெட்டிக்குள் அடுக்கினால் மேல் தட்டு புளித்துப்போகும், கீழ்த் தட்டு தண்ணியாக இருக்கும். தண்ணீர்க் கிடாரத்தில் எல்லாக் கப்புக்கும் ஒரே சூடு. அடுத்தது, காஸை நம்பலாமா? 2022இல் சிலிண்டருக்கு நின்ற வரிசையை மறந்துவிட்டீர்களா?

தயிர்ச்சட்டி

2022இல் கரண்டும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் இல்லை, தம்பி. அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில் ஒரு குரங்கு ஏறி முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. அந்த மாதிரி நேரத்தில் ரெஜிபோம் பெட்டி மூடியபடி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

தட்டுக்குத் தட்டு இரண்டு விரல் இடைவெளி விட்டு, விசிறியைக் கீழே வைத்தால் மேல் கீழ் வித்தியாசம் வராது. 250 கப்பையும் கிடாரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு நிறுத்துவது எப்படி என்று ஒருமுறை செய்து பாருங்கள். பாதி மிதக்கும், பாதி கவிழும்.

குளத்தடியான்

அக்கா சொன்னது விளங்குகிறது. 43க்குப் பெட்டிதான். ஆனால் 85க்கு காஸ் செலவு கட்டாது, கொயில் வேண்டும். வயரிங் அண்ணை, எர்த் பற்றிச் சொல்லுங்கள். வீட்டுத்திட்ட வீடு. பிளக்கில் மூன்று முள் இருக்கிறது, ரிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் தானே வெட்டுவது) அடிக்கடி விழுகிறது என்று முன்பு வந்தவர் அதைக் கழற்றி நேரே கொடுத்துவிட்டுப் போனார்.

வயரிங்_நெடுங்கேணி

கொயிலை விடுங்கோ, முதல் வேலை இதுதான். நம் ஊரில் எர்த் என்றால் வீட்டுப் பக்கத்தில் அடித்த ஒரு கம்பி. ஆவணி வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது அந்தக் கம்பியில் 100 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கோ. கொயில் உள்ளே கசிந்து கிடாரத்துக்குக் கரண்ட் வந்தால் எர்த் வழியாகப் போவது 2.3 அம்பியர். 13 அம்பியர் பியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எரியாது. கிடாரம் முழு வோல்ற்றோடு அப்படியே நிற்கும், ஈரக்கையோடு பால் கலக்க வருகிறவருக்காக. 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் இருந்தால் அதே 2.3 அம்பியரில் கண்ணிமைக்க முன் விழும். அது அடிக்கடி விழுந்தது என்றால் வீட்டில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் அதைக் கழற்றியது பெரிய அநியாயம். திரும்பப் போட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.

வயர் விஷயம்: 7/0.67 (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு) தனி இழுவை, போர்டில் தனி பிரேக்கர். விளக்குக்கு இழுத்த 1/1.13 வயரில் இதைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. கொன்ட்ரோலர், கொன்டாக்டர், எஸ்.எஸ்.ஆர் எது ஒட்டினாலும் நிறுத்துவதற்குத் தனியாக ஒன்று வேண்டும். கிடாரத்தின் வெளிச்சுவரில், கொயில் மட்டத்தில், 95 பாகை வெட்டுச் சுவிச் ஒன்று. தானாகத் திரும்ப ஒட்டாத, பட்டனை அமத்தினால்தான் ஒட்டுகிற வகை. கரண்ட் போய் வரும்போது எஸ்.ரி.சி தானே மீண்டும் கொயிலைப் போடும். தண்ணீர் வற்றிய கிடாரமென்றால் அதுதான் காப்பாற்றும்.

முறிகண்டிச்சந்தி

வெட்டுச் சுவிச் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அண்ணை அதை எங்கே கொடுப்பீர்கள்? கொன்டாக்டரின் சுருளில் என்றால், கொன்டாக்டரே ஒட்டியிருக்கும்போது சுருளை வெட்டி என்ன பயன்? 180 வோல்ற் துடிப்புக்கு இன்னும் பதில் வரவில்லை.

வயரிங்_நெடுங்கேணி

நல்ல கேள்வி. இரண்டு கொன்டாக்டர், ஒன்றன் பின் ஒன்றாக. முதலாவதை எஸ்.ரி.சி இயக்கும், இரண்டாவது வெட்டுச் சுவிச்சுக்கு மட்டும். இரண்டாவது நாளுக்கு ஒருதரம்தான் ஏறி இறங்கும், அது இலேசில் ஒட்டாது. நீங்கள் விரும்பினால் முதலாவதன் இடத்தில் உங்கள் எஸ்.எஸ்.ஆரை வையுங்கோ, எனக்குக் கோபமில்லை. இரண்டாவது மட்டும் கொன்டாக்டராக இருக்க வேண்டும்.

துடிப்புக்குப் பதில்: தம்பி எப்போது பால் காய்ச்சப் போகிறார்?

தயிர்ச்சட்டி

பட்டி மாடு காலையில் ஒருதரம்தான் கறப்பது. 7 மணிக்குப் பால் அடுப்பில் இருக்கும். இரவு 7 மணிக்கு யார் காய்ச்சுகிறார்கள்?

முறிகண்டிச்சந்தி

சரி, காலையில் வோல்ற் இருக்கும். ஆனாலும் என் வீட்டில் எஸ்.எஸ்.ஆர்தான்.

குளத்தடியான்

காலையில் மீற்றர் வைத்துப் பார்த்தேன், 224. கொன்டாக்டர் இரண்டும், 7/0.67உம், புது ரிப் சுவிச்சும் வாங்க நாளை புதுக்குடியிருப்புக்குப் போகிறேன். கசிவு தேட அண்ணை யாரையாவது சொன்னால் நல்லது.

ஒரு கேள்வி மிச்சம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தல் அடியே வெள்ளையாகப் படிகிறது. கொயிலிலும் படியும்தானே?

தயிர்ச்சட்டி

படியும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கிடாரத்துக்கு அதை ஊற்றுங்கள், மாதக்கணக்கில் அதே தண்ணீர் போதும், குறைவதை மட்டும் நிரப்பலாம். படிந்ததற்கு வினாகிரி ஊற்றி ஒரு இரவு ஊறவிடுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு. கத்தியால் சுரண்ட வேண்டாம்.