கம்பி சுற்றிய இஷாப்பூர் .303: கம்பியைக் கழற்றலாமா?

டல்லாஸ்காரன்:
வணக்கம். நான் இருப்பது டெக்ஸஸில். போன மாதம் இங்கே ஒரு கன் ஷோவில் பழைய பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்று வாங்கினேன், நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். கழுத்து வளையத்தில் கிரீடம், ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் மன்னர் முத்திரை), இஷாப்பூர் (வங்காளத்துத் துப்பாக்கித் தொழிற்சாலை), 1942. முன்கட்டையில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஈயம் பற்றவைத்திருக்கிறார்கள். "உடைந்த கட்டைக்குப் போட்ட ஒட்டு, கழற்றிட்டு வேற கட்டை போட்டா பளபளன்னு ஆயிடும்" என்றார் விற்றவர். பக்கத்து மேசைக்காரரோ இது கிரனேடு (கைக்குண்டு) ஏவும் ரைஃபிள், பீப்பாய் வாயில் ஒரு கிண்ணம் மாட்டுவார்கள் என்கிறார். யார் சொல்வது சரி? கிண்ணம் கிடைத்தால் வெற்றுத் தோட்டா போட்டு டென்னிஸ் பந்து விடலாம் என்றும் அங்கே ஒருத்தர் ஆசை காட்டினார்.

பழையஇரும்பு, லீட்ஸ்:
முதலில் அந்தக் கம்பி மேல் கை வைக்காதீர்கள். மேசைக்காரர் சொன்னதுதான் சரி. கிரனேடு ஏவும்போது கட்டைக்கு விழும் அடி சாதாரணத் தோட்டாவின் அடி அல்ல. முக்கால் கிலோ இரும்பை வாயில் உட்கார வைத்துத் தள்ளுகிறோம். கட்டை பிளந்தாலும், பீப்பாயே வெடித்தாலும், சிதறல் சிப்பாயின் இடது கையையும் முகத்தையும் பதம் பார்க்காமல் பிடித்து நிறுத்தத்தான் இந்தச் சுற்று. ஒட்டு வேலை இல்லை, தொழிற்சாலையில் யோசித்துச் செய்த வேலை. மேகசீனுக்குச் சற்று முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி ஓடுகிறதா பாருங்கள். அதுவும் இஷாப்பூர்க்காரர்கள் கட்டையைப் பலப்படுத்தப் போட்டதுதான்.

கம்பியைப் பிரித்து, எண்ணெய் தேய்த்து, "அழகான என்ஃபீல்டு" என்று விற்பவர்களை எனக்குப் பிடிக்காது. அழகான என்ஃபீல்டு ஆயிரம் கிடைக்கும். கம்பியோடு முழுசாக வருவது அப்படி இல்லை.

நான் ரைஃபிள் சேர்ப்பதில்லை, கிண்ணங்கள் மட்டும். மனைவி அதற்கே ஒரு அலமாரிதான் ஒதுக்கியிருக்கிறார். அதனால் கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1915-இல் பர்மிங்ஹாமின் வில்லியம் மில்ஸ் கொண்டுவந்த கைக்குண்டை ரைஃபிளில் ஏவ, முதலில் அதன் அடியில் ஒரு தண்டு திருகி, தண்டைப் பீப்பாய்க்குள் விட்டுச் சுட்டார்கள். நம்பர் 23 என்பது அது. தண்டு பீப்பாயைக் கெடுத்தது. உள்ளே வளையம் வளையமாகப் புடைத்தது, சில வெடித்தன. அதற்குப் பிறகுதான் இரண்டரை அங்குல வாயுள்ள கிண்ணமும் நம்பர் 36 குண்டும் வந்தன. குண்டின் அடியில் ஒரு வட்டத் தகடு திருகுவார்கள். வாயு ஓரத்தில் ஒழுகாமல் குண்டைத் தள்ள அந்தத் தகடு. கிண்ணத்தின் அடியில் ஒரு துவாரம், அதற்கு ஒரு மூடி. மூடியைத் திறந்தால் வாயு வெளியேறும், தூரம் குறையும். முழுதும் மூடினால் 200 கஜம் அளவுக்குப் போகும். 1918-இல் இவ்வளவு எளிதான தூரக் கட்டுப்பாட்டை யோசித்தவனை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமை.

இதே வேலையைப் பிரெஞ்சுக்காரர்கள் வேறு மாதிரி செய்தார்கள். 1916-இன் விவென்-பெசியர் கிண்ணத்தில் குண்டின் நடுவே ஒரு துளை. சாதாரணத் தோட்டாவைச் சுட்டால் தோட்டாத் தலை அந்தத் துளை வழியே போய்விடும், போகிற போக்கில் திரியையும் பற்றவைத்துவிடும், பின்னால் வரும் வாயு கிரனேடைத் தள்ளும். தனித் தோட்டா தேவையே இல்லை. லீல் நகரத்து செப்டம்பர் சந்தையில் துருப்பிடித்த ஒன்றை எடுத்தேன். என் அலமாரியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரிட்டிஷ் கிண்ணத்தில் இந்த வேலை நடக்காது. அதற்குத் தோட்டாத் தலை இல்லாத, பாலிஸ்டைட் என்ற மருந்து மட்டும் நிரப்பிய கார்ட்ரிட்ஜ்தான். மறந்து உண்மைத் தோட்டா போட்டால் அது நேராகப் போய்க் குண்டில் முட்டும்.

டென்னிஸ் பந்து 65 மில்லிமீட்டருக்கு மேல், கிண்ணத்தின் வாய் 63.5. ஆசை காட்டியவர் அளந்தே பார்த்ததில்லை. கிண்ணத்தை அலமாரியில் வையுங்கள், போதும்.

வாங்குவதானால், கிண்ணத்தின் பிடிகள் நம்பர் 1 ரைஃபிளின் மூக்குத் தொப்பிக்கென்று (கட்டையின் முன் நுனியில் உள்ள இரும்பு மூடி) செய்தவை. நம்பர் 4 ரைஃபிளுக்கானது வேறு கருவி, அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நகல்களும் நிறைய. வார்ப்புத் தழும்பு தெரிந்தால், மூடி அசையாமல் பேருக்கு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ரிட்டயர்டு_ஹவில்தார், வேலூர்:
தம்பி, நாங்க இதை ஜி.எஃப். ரைஃபிள்னுதான் சொல்லுவோம். கிரனேடு ஃபயரிங். நான் ஃபோர்ஸ்ல சேர்ந்தது 1981. மற்றவன் கையில எல்லாம் எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்), இது மட்டும் .303, டிஸ்சார்ஜர் கப் (அந்தக் கிண்ணம்), கேஸ் செக் பிளேட் (அந்த வட்டத் தகடு) எல்லாத்தோட ஒரு மூலையில நிக்கும். தோள்ல வச்சு யாரும் சுட மாட்டான், எலும்பு போயிடும். கட்டையை மண்ணுல ஊனித்தான். அடி வாங்கி வாங்கி கட்டையோட பித்தளைத் தகடே வளைஞ்சிருக்கும், உங்களோடதையும் திருப்பிப் பாருங்க. பின்னைப் பிடுங்கினாலும் கப் சுவர் லீவரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கும், வெளியே போனாத்தான் லீவர் பறக்கும். அதனால கப் வாய் நசுங்கியிருந்தா எங்க உஸ்தாத் (பயிற்சி கொடுக்கிறவர்) தொடவே விட மாட்டார். அந்த 36 குண்டுக்கு மாற்றா மல்டி மோடு கிரனேடு ஆர்மிக்கு வந்ததே 2021-லதான்.

அம்பத்தூர்_ராஜா:
ஐயா, எனக்கும் ஒரு கிண்ணம் மட்டும், வெறும் கிண்ணம், ஷோகேஸில் வைக்க ஆசை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?

பழையஇரும்பு, லீட்ஸ்:
வேண்டாம் ராஜா. 1959 ஆயுதச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். பழம்பொருள் விலக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததற்குத்தான் அது. கிண்ணம் அதில் சேருமா என்று சுங்க அலுவலகத்தில் நின்று வாதாட உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா? வக்கீலைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

டல்லாஸ்காரரே, உங்கள் பக்கம் கிரனேடு லாஞ்சர் என்ற பெயரே 1994 தடைச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. அது 2004-இல் காலாவதி. மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிமருந்துள்ள குண்டு கூட்டாட்சிச் சட்டப்படி அழிவுக்கருவி. துளையிட்டுக் காலியாக்கிய 36 என்றாலும், துளையைக் கண்ணால் பார்த்த பிறகே கையில் எடுங்கள்.

டல்லாஸ்காரன்:
எல்லோருக்கும் நன்றி. திருகாணி இருக்கிறது. பித்தளைத் தகடு நிஜமாகவே ஒரு பக்கம் சப்பையாகியிருக்கிறது, ஹவில்தார் ஐயா! கம்பியைத் தொடப் போவதில்லை. சாதாரணத் தோட்டா சுடலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பழையஇரும்பு, லீட்ஸ்:
டி.பி., ஈ.ஒய். என்று எங்காவது குத்தியிருக்கிறதா? டி.பி. என்றால் டிரில்லுக்கு மட்டும், பேச்சே இல்லை. ஈ.ஒய். என்றால் கிரனேடு ஏவ ஒதுக்கியது, அதையும் நான் சுட மாட்டேன். இரண்டும் இல்லையென்றால் பீப்பாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள், கறுப்பு வளையம் தெரிந்தால் அது புடைப்பு. போல்ட் எண்ணும் பாடியின் எண்ணும் ஒன்றா?

டல்லாஸ்காரன்:
முத்திரை எதுவும் இல்லை. வளையமும் இல்லை. எண்கள் வேறு வேறு.

பழையஇரும்பு, லீட்ஸ்:
அப்படியென்றால் கன்ஸ்மித் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் மூடியதும் தோட்டாவுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி) அளந்து சொல்லும் வரை ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். அவரும் கம்பியைப் பிரிக்கச் சொன்னால் வேறு கன்ஸ்மித்தைப் பாருங்கள்.