டென்னிஸ் 'லெட்' வலையிலிருந்து வந்ததாம்!

வேர்க்கிழங்கு:
ஆங்கிலம் கற்றுத்தரும் குழு ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "லெட் என்றால் அனுமதி, வேறு பொருளே கிடையாது. டென்னிஸில் சொல்லும் லெட், 'நெட்' என்பதன் திரிபு. பாஸ்போர்ட்டில் உள்ள 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' பழைய அச்சுப்பிழை." மூன்று வாக்கியம், மூன்றும் தப்பு. படிக்கவே எரிச்சலாக இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. நெடில் 'லேட்டன்': விடு, அனுமதி. ஜெர்மனின் 'லாஸன்', டச்சின் 'லாட்டன்' இதன் உறவு. குறில் 'லெட்டன்': தாமதப்படுத்து, தடு. நாம் தினமும் சொல்லும் 'லேட்' இதோடு பிறந்தது. டச்சில் 'பெலெட்டன்' என்றால் இன்றும் தடுப்பதுதான். இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் கேட்பது 'தடையில்லாமல் போகவிடுங்கள்' என்று. டென்னிஸ் லெட்டும் அதே தடைதான்.

பேஸ்லைன்:
பாஸ்போர்ட் சரி. டென்னிஸை விட்டுடுங்க. அது பிரெஞ்சுக்காரன் ஆட்டம். டென்னிஸ்ங்கிற பேரே 'தெனே'ல இருந்து வந்தது, 40-40 ஆனா சொல்ற 'ட்யூஸ்' அவங்க 'தூ', அதாவது ரெண்டு. வலைக்கு பிரெஞ்சுல 'ஃபிலே', எழுதும்போது கடைசியில டி வரும். அதோட வாலு அறுந்துதான் லெட். சர்வ் வலையைத் தொட்டா லெட், மறுபடி போடணும். இதுல தடை எங்க வந்தது?

வேர்க்கிழங்கு:
ஸ்குவாஷில் வலை எங்கே இருக்கிறது? நாலு சுவர், முன்சுவரின் அடியில் 48 செ.மீ. உயரத்துக்குத் தகரம், அவ்வளவுதான். ஆனாலும் எதிராளி வழியில் நின்றால் ஆட்டக்காரர் "லெட், ப்ளீஸ்" என்று கேட்கிறார். அவர் முழு முயற்சி செய்திருந்து, பந்தைத் திருப்பி அடித்திருக்கவும் முடியும் என்றால் லெட், பாயிண்ட்டை மறுபடி ஆடுவார்கள். அடித்தால் வென்றே இருப்பார் என்றால் ஸ்ட்ரோக், பாயிண்ட் அவருக்கு. எட்டவே எட்டாது என்றால் நோ லெட். மூன்றிலும் நடுவர் பார்ப்பது ஒன்றைத்தான்: தடை.

பேஸ்லைன்:
ஸ்குவாஷ் பிறகு வந்த ஆட்டம். டென்னிஸ்காரங்க கிட்ட இருந்து சொல்லை மட்டும் வாங்கியிருப்பாங்க. ஃபிலே ஃபிலேதான்.

வேர்க்கிழங்கு:
சரி, டென்னிஸுக்கே வாருங்கள். பாயிண்ட் நடக்கும்போது பக்கத்து கோர்ட் பந்து உருண்டு உள்ளே வருகிறது. நடுவர் என்ன சொல்கிறார்? லெட். முதல் சர்வ் ஏற்கெனவே ஃபால்ட் (தவறு) ஆகியிருந்தாலும் முதல் சர்விலிருந்தே ஆடவேண்டும். எதிரே நிற்பவர் தயாராகும் முன் சர்வ் போட்டாலும் லெட். எந்த வலை தொட்டது இதில்?

முன்பு வலைக்கம்பத்தை ஒட்டி ஒரு நடுவர் உட்கார்ந்து, வலையின் மேல்கயிற்றில் விரலை வைத்திருப்பார். பந்து உரசினால் கயிறு அதிரும். உடனே அவர் கத்துவது "நெட்!" அதன்பிறகு மேலே நாற்காலியில் இருப்பவர் சொல்வது "லெட், ஃபர்ஸ்ட் சர்வீஸ்." முதல் சொல் நடந்ததைச் சொல்கிறது, இரண்டாவது சொல் தீர்ப்பு. இரண்டும் ஒன்றென்றால் எதற்கு இரண்டு பேர் இரண்டு சொல்?

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். சர்வ் வலையைத் தொட்டு கட்டத்துக்கு வெளியே விழுந்தால் என்ன கொடுப்பார்கள்?

முல்லைக்கொடி:
ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருக்கும்போது பந்தை மட்டும் ஏன் துரத்துகிறீர்கள்? வீட்டு வாசலில் டூலெட் போர்டு தொங்குகிறதே, அது லேட்டன் வழி. தமிழிலும் வாடகைக்கு 'விடுகிறோம்'. 'லெட் அலோன்' வரும் இடத்தில் நாம் 'அதை விடுங்கள்' என்போம். அந்தக் காலத்தில் வைத்தியத்துக்காக ரத்தத்தை வெளியேற்றியது 'பிளட்லெட்டிங்'. கணக்கில் 'லெட் எக்ஸ் ஈக்வல் டு 5' வந்தால் மட்டும் 'விடு' உதவாது, 'எக்ஸ் = 5 என்க' என்றுதான் எழுதவேண்டும். 1964இல் வந்த பேஸிக் கணினி மொழியும் அந்த 'என்க'வைத்தான் கட்டளையாக எடுத்தது. இதைப் பேசலாமே.

பேஸ்லைன்:
மேடம், அதெல்லாம் அனுமதி லெட். அதுல சண்டையே இல்லை. என் கேள்வி ஃபிலே. 'லவ்'னா பூஜ்யம், அதுவும் 'லஃப்'ங்கிற பிரெஞ்சு முட்டைதான். எல்லாமே பிரெஞ்சா இருக்கிற ஆட்டத்துல இது மட்டும் எப்படி ஆங்கிலம் ஆச்சு?

வேர்க்கிழங்கு:
முட்டைக் கதைக்குச் சான்று கிடையாது. பணம் கட்டாமல் விருப்பத்துக்கு ஆடுவதை 'ஃபார் லவ்' என்பார்கள், வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். 'ஃபிலே'யை ஆங்கிலம் இடைக்காலத்திலேயே 'ஃபில்லெட்' என்று கடன்வாங்கிவிட்டது, தலையில் கட்டும் நாடா என்ற பொருளில். அழுத்தம் முதல் அசையில். அழுத்தம் விழும் அசை உதிர்ந்து வெறும் வால் மட்டும் நிற்குமா?

தடை என்ற லெட் ஷேக்ஸ்பியரிடம் உயிரோடு இருக்கிறது. ஹாம்லெட் முதல் அங்கம், நான்காம் காட்சி. தந்தையின் ஆவி அழைக்கிறது, நண்பர்கள் இவன் கையைப் பிடித்து நிறுத்துகிறார்கள். "என்னை லெட் செய்பவனை ஆவியாக்கிவிடுவேன்" என்கிறான். அனுமதிப்பவனையா மிரட்டுவான்? 1611 ஆங்கில பைபிளில் 2 தெசலோனிக்கேயர் 2:7, "ஹீ ஹூ நவ் லெட்டத் வில் லெட்." நம் தமிழ் பைபிளைத் திறந்து அதே வசனத்தைப் பாருங்கள், 'தடைசெய்கிறவன்' என்றிருக்கும்.

பொடிநடை:
வேர்க்கிழங்கு எப்போதும்போல் பாதியைத்தான் சொல்கிறார். முன்பு 'க்ளீவ்' என்ற சொல்லைப் பற்றிய இழையிலும் இதே வேலை: 'பிள', 'ஒட்டிக்கொள்' இரண்டும் வேறு சொல் என்று சாதித்தார். அது சரியாகப் போனதால் எல்லாவற்றையும் இரண்டாக வெட்டுகிறார். லேட்டன், லெட்டன் இரண்டையும் ஆங்கிலம் முதலான மொழிகளின் மூதாதையான ஆதி இந்தோ-ஐரோப்பியத்தில் ஒரே வேருக்குத்தான் கொண்டுபோகிறார்கள். பொருள் 'தளர்'. பிடியைத் தளர்த்தினால் விடுவது. தளர்ந்து நடந்தால் தாமதம், தாமதத்திலிருந்து தடை. ஆகவே ஒரே குடும்பம்.

வேர்க்கிழங்கு:
ஒரே குடும்பம் என்றால் ஒரே சொல்லா? பழைய ஆங்கிலத்தில் லேட்டன் இறந்தகாலத்தில் உயிரெழுத்து மாறும் வல்வினை, லெட்டன் விகுதி ஏற்கும் மெல்வினை. எழுதியவர்கள் இரண்டையும் கலக்கவில்லை. க்ளீவ் இழையில் கடைசிவரை நீங்கள் பதில் சொல்லாமல் போனது எனக்கும் நினைவிருக்கிறது.

பொடிநடை:
பதில் சொல்லியிருந்தேன். நீங்கள் படிக்கவில்லை. வேரைப் பற்றிச் சொன்னதற்கு வினைவிகுதியைக் காட்டுகிறீர்கள்.

முல்லைக்கொடி:
'அவுட்லெட்', 'இன்லெட்' விடும் லெட். 'புக்லெட்', 'லீஃப்லெட்' அப்படியில்லை, 'சிறியது' என்று காட்டும் பிரெஞ்சு விகுதி. இந்த இரண்டையும் மாணவர்கள் எப்போதும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பேஸ்லைன்:
பாருங்க, புக்லெட்ல பிரெஞ்சு லெட் இருக்குன்னு மேடமே சொல்லிட்டாங்க! அப்போ டென்னிஸ்ல மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

முல்லைக்கொடி:
நான் சொன்னது விகுதி. உங்கள் கட்சிக்கு என்னை இழுக்காதீர்கள்.

வேர்க்கிழங்கு:
பேட்மின்டனில் சர்வ் வலை நாடாவை உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் ஆட்டம் தொடரும், லெட் கிடையாது. எதிரே நிற்பவர் தயாராகாவிட்டால் லெட். வலை தொட்டும் லெட் இல்லை, தொடாமலும் லெட். என் கேள்வி அப்படியே நிற்கிறது: டென்னிஸில் வலையைத் தொட்டு வெளியே விழும் சர்வுக்கு என்ன?

பேஸ்லைன்:
ஃபால்ட். அது யாருக்குத் தெரியாது? விதி வேற, சொல் வந்த வழி வேற. ஃபிலே.

வேர்க்கிழங்கு:
வலையைத் தொட்டது. ஆனால் லெட் இல்லை. நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பேஸ்லைன்:
நான் எழுதினது ஃபால்ட்னு. ஃபிலே இல்லைன்னு எங்க எழுதினேன்? காட்டுங்க.